டெங்குவைத் தடுக்கும் பாக்டீரியாவைப் புளியங்கொட்டை வைத்து விளக்குவது எப்படி

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குள் ஒரு பாக்டீரியாவைக் குடியேற்றி ஊருக்குள் விட்டால் டெங்கு குறையும் என்று சொல்லிப் பாருங்கள், "கொசுவை ஒழின்னு சொல்லிட்டு இப்ப கொசுவையே விடச் சொல்லுதீயளா?" என்றுதான் நம்ம திருநெல்வேலிப் பக்கம் முதல் கேள்வி வரும். நியாயமான கேள்வி. 2012-இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு ஆட்டிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். வாயால் விளக்கினால் போதாது, செய்து காட்டுங்கள். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றுகிற அக்காமாரிடம் முதலில் காட்டுங்கள், ஏடிஸ் பகலில்தான் கடிக்கும், அவர்கள் பகல் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்.

முதலில் சுருக்கமாக இதைச் சொல்லிவிடுங்கள். காய்ச்சல்காரரைக் கடித்த கொசுவின் வயிற்றில் வைரஸ் பெருகி எச்சிலுக்கு வந்து சேர ஏறக்குறைய 8 முதல் 12 நாள் ஆகும், அதற்கு அப்புறம்தான் அது அடுத்த ஆளுக்குக் கொடுக்க முடியும். வோல்பாக்கியா என்ற இந்த பாக்டீரியா கொசுவின் செல்களுக்குள்ளேயே வாழ்கிறது. வைரஸ் பெருகத் தேவையான கொழுப்பை இது எடுத்துக்கொள்கிறது, கொசுவின் எதிர்ப்புச் சக்தியையும் உசுப்பிவிடுகிறது, அதனால் எச்சில் வரை வந்து சேரும் வைரஸ் வெகுவாகக் குறைகிறது.

"நமக்கு ஒன்றும் செய்யாதா?" என்று ஆச்சி கேட்பார். சாக்கடையில் பெருகி ராத்திரி கடிக்கிற கியூலெக்ஸ் கொசுவில் இது இயற்கையாகவே இருக்கிறது, 1924-இல் முதன்முதலில் கண்டுபிடித்ததே அந்த இனத்துக் கொசுவில்தான், அந்தக் கடியை நாம் பிறந்ததிலிருந்து வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். மனிதருக்கு இது தொற்றுவதில்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டை கொசுவில் இது இயற்கையில் இல்லாததால், கனிந்த பழத்தைச் சுற்றும் சின்ன ஈயிலிருந்து எடுத்துச் செலுத்தினார்கள்.

இனி கொட்டை. ஏறக்குறைய நூறு புளியங்கொட்டை எடுத்துப் பாதிக்குச் சிவப்பு நெயில் பாலிஷ் பூசிக் காயவையுங்கள். சிவப்பு என்றால் பாக்டீரியா உள்ள கொசு. இரண்டு கிண்ணம், ஒன்று பெண், ஒன்று ஆண். ஒவ்வொன்றிலும் 10 சிவப்பு, 10 சாதா. பார்க்காமல் இரண்டிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்து ஜோடி சேர்க்க வேண்டும். பெண் சிவப்பு என்றால் ஆண் எதுவானாலும் பிள்ளைகள் சிவப்பு, காரணம் பாக்டீரியா தாயின் முட்டை வழியாகத்தான் இறங்குகிறது. அடுத்த தலைமுறைக்கென்று இன்னும் இரண்டு கிண்ணம் (பெண், ஆண்) தனியாக வைத்து, இரண்டிலும் ஒவ்வொரு சிவப்பு போடுங்கள். இரண்டும் சாதா என்றால் ஒவ்வொரு சாதா. பெண் சாதா, ஆண் சிவப்பு என்றால் ஒன்றும் போடாதீர்கள், அந்த முட்டை பொரியாது. முழு சூட்சுமமும் இந்த விதியில்தான் இருக்கிறது, அவசரப்படாமல் இரண்டு தடவை சொல்லுங்கள்.

புதுக் கிண்ணங்களை வைத்து அடுத்தடுத்த சுற்று ஆடுங்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் சிவப்பு பத்திலேயே நிற்கும், சாதா ஐந்து, இரண்டு என்று இறங்கி மூன்று நான்கு சுற்றில் காணாமல் போகும். (நிஜத்தில் மொத்தக் கொசு இப்படிக் குறையாது, தண்ணீரில் இடம் கிடைத்தால் மிச்சமுள்ளவை பெருகி நிரப்பிவிடும், அதையும் சொல்லிவிடுங்கள்.)

அடுத்து வெயில் சுற்று, நம்ம ஊருக்கு இதுதான் முக்கியம். பழ ஈயிலிருந்து வந்த வகைக்குச் சூடு ஆகாது, புழு வளரும் தண்ணீர் பகலில் 37 டிகிரியைத் தொட்டால் பாக்டீரியா குறைந்துபோகும், மே மாதம் மொட்டை மாடி டிரம் எப்படிக் கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு சுற்று முடிவிலும் இரண்டு கிண்ணத்திலும் ஒரு சிவப்பை எடுத்துவிட்டு ஒரு சாதாவைப் போடுங்கள். பத்துக்குப் பத்து என்று தொடங்கினால் அப்போதும் நாலைந்து சுற்று வரை சிவப்பின் கைதான் ஓங்கும். 4 சிவப்பு, 16 சாதா என்று தொடங்கிப் பாருங்கள், நாலைந்து சுற்றில் சிவப்பு சுத்தமாக அழிந்துவிடும். கொஞ்சமாக விட்டால் வீண், வாரக்கணக்கில் நிறைய விட வேண்டும் என்பது இதில் புரிந்துவிடும். கோலாலம்பூரில் சூடு தாங்குகிற வேறு வகையை விட்டார்கள். புதுச்சேரியில் உள்ள ஐசிஎம்ஆர் கொசு ஆய்வு மையம் இரண்டு வகையிலும் கொசுக்களை உருவாக்கியிருக்கிறது. நம்ம மாவட்டத்துக்கு வந்தால் சூடு தாங்குகிற வகைதான் வர வேண்டும் என்பேன்.

பலன் உண்டா என்று கேட்டால் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவைச் சொல்லுங்கள். அங்கே நடந்த சோதனை முடிவு 2021-இல் வெளியானது: கொசு விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதமும், டெங்குவால் ஆஸ்பத்திரியில் சேர்வது 86 சதவீதமும் குறைவு.

"அப்போ டிரம்மை மூட வேண்டாமா?" என்று கடைசியில் யாராவது கேட்பார்கள். மூட வேண்டும். வாரம் ஒருமுறை கவிழ்த்து உட்சுவரைத் தேய்த்தும் கழுவ வேண்டும், ஏடிஸ் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், தண்ணீர் படும்போது பொரிக்கும்.