நல்ல நாளிலும் பாதியில் நிறுத்துங்கள்: ஃபைப்ரோமயால்ஜியா வலியைச் சமாளிக்கத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு உடம்பு வலி புதிதன்று. விடியுமுன் ரப்பர்த் தோட்டத்தில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், பால் மரம் வெட்டி, வாளி சுமந்து, பின்னாளில் செம்பனைக் குலைகளைத் தூக்கிய தாய்தந்தையரைப் பார்த்து வளர்ந்த நாம், வலியையும் கூலியோடு சேர்ந்து வருவதாகவே எண்ணப் பழகிவிட்டோம். அதனால்தான் கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று இடம் மாறி மாறி மாதக்கணக்கில் எனக்கு வலித்தபோதும், இரவெல்லாம் தூங்கியும் தூங்காதவள்போல் எழுந்தபோதும், நான்கு ஆண்டுகள் அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்றே நினைக்கவில்லை. உடலெங்கும் நீடித்த வலியும் களைப்பும் தரும் ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோய் அது. தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்த எனக்கு அன்று யாராவது வரிசையாகச் சொல்லித் தந்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: நோயை உறுதி செய்துகொள்ளுங்கள்

ஃபைப்ரோமயால்ஜியாவைக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனையோ எக்ஸ்ரே படமோ கிடையாது. முன்பு, 1990-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகம் வகுத்த முறையில், உடலின் 18 புள்ளிகளை விரலால் அழுத்தி, 11 இடங்களிலாவது வலிக்கிறதா என்று பார்த்தார்கள். 2010-இலும் 2016-இலும் அம்முறை மாறியது. இப்போது உடலின் 19 பகுதிகளில் எங்கெங்கே வலி இருக்கிறது, களைப்பும் புத்துணர்ச்சி தராத தூக்கமும் மறதியும் எவ்வளவு கடுமையாக இருக்கின்றன, இவை குறைந்தது மூன்று மாதம் நீடித்தனவா என்று கேட்டு முடிவு செய்கிறார்கள். ஆகவே மருத்துவருக்கு முதன்மையான சான்று உங்கள் வாய்மொழிதான். ஒரு தாளில் மனித உருவத்தை முன்புறமும் பின்புறமும் வரைந்து, கடந்த ஒரு வாரத்தில் வலித்த இடங்களையெல்லாம் பென்சிலால் நிழலிட்டு எடுத்துச் செல்லுங்கள். "உடம்பெல்லாம் வலிக்குது டாக்டர்" என்று பொதுவாகச் சொல்வதைவிட அந்தப் படம் நிறையப் பேசும்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான். தொடங்க வேண்டிய இடம் அதுவே. தைராய்டுக் குறைபாடு, இரத்தசோகை, முடக்குவாதம் போன்றவை இதே வலியைத் தரக்கூடும் என்பதால், சில இரத்தப் பரிசோதனைகளைச் செய்வார்கள். சிக்குன்குனியாக் காய்ச்சல் வந்து போனபின் மூட்டுவலி பல மாதம் நீடிப்பதுண்டு. அப்படி ஏதேனும் வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால் ஈப்போ பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். மூட்டு கண்ணுக்குத் தெரிய வீங்கினாலோ, காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ இருந்தாலோ, கை கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் தடை ஏற்பட்டாலோ அவற்றை ஃபைப்ரோமயால்ஜியாவின் கணக்கில் எழுதாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பரிசோதனை முடிவுகள் அனைத்தும் சரியாக வந்தபோது ஒரு மருத்துவர் என்னிடம், "உங்களுக்கு ஒன்றுமில்லை, வயதாகிறது" என்றார். அப்போது எனக்கு 38 வயது. உங்களுக்கும் அப்படி நேர்ந்தால், மனம் தளர்ந்து வீட்டோடு இருந்துவிடாமல், இன்னொரு மருத்துவரிடம் அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இரண்டாம் படி: வலி எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

மிளகாய் அரைத்த கையை வெதுவெதுப்பான நீரில் வைத்துப் பாருங்கள். கொதிநீரில் விட்டதுபோல் எரியும். நீர் கொதிக்கவில்லை, ஆனால் எரிச்சல் பொய்யும் அன்று. உணரும் தோல்தான் மாறியிருக்கிறது. ஃபைப்ரோமயால்ஜியாவில் இதற்கு ஒப்பான மாற்றம் முதுகுத் தண்டுவடத்திலும் மூளையிலும் நிகழ்கிறது. சாதாரண அழுத்தத்தையும் அசைவையும் நரம்பு மண்டலம் பெரிதாக்கி வலியாக உணர்த்துகிறது. தசை கிழிவதில்லை, எலும்பு தேய்வதில்லை. இதை நம்புவது முக்கியம். ஏனெனில் "அசைந்தால் உள்ளே ஏதோ கெட்டுவிடும்" என்ற அச்சம் இருக்கும்வரை, அடுத்து வரும் படிகளை எவராலும் மனமொப்பிச் செய்ய முடியாது. இந்நோயை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. ஆனால் வலியைக் குறைக்கவும், செய்ய முடிந்த வேலைகளைக் கூட்டவும் முடியும்.

மூன்றாம் படி: இரண்டு வாரம் எழுதுங்கள்

பள்ளிக்கூடக் கோடுபோட்ட நோட்டு போதும். தூங்கிய நேரம், செய்த வேலை, அதைச் செய்த நிமிடங்கள், அன்று மாலையும் மறுநாள் காலையும் 0 முதல் 10 வரையான வலி எண் ஆகிய நான்கை மட்டும் எழுதுங்கள். மறுநாள் காலை எண்ணை விட்டுவிடாதீர்கள். இந்நோயில் வேலைக்கான விலை அன்றே தெரிவதில்லை. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத்தான் தெரிகிறது.

நான்காம் படி: அளவைக் கண்டுபிடித்து, அதில் நில்லுங்கள்

இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணமே இந்தப் படிதான். என் நோட்டை இரண்டு வாரம் கழித்துப் புரட்டியபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. சனிக்கிழமை உடம்பு லேசாக இருந்ததென்று வீட்டைக் கழுவி, போர்வைகளைத் துவைத்து, தோசைக்கு மாவரைத்து, மாலையில் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்கும் போய் வந்திருக்கிறேன். ஞாயிறும் திங்களும் படுக்கையில். புதன்கிழமை மெல்ல எழுந்து, வியாழன் தேறி, மறுபடியும் சனிக்கிழமை வீடு கழுவல். என்னை முடக்கியவை கெட்ட நாள்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவற்றை உண்டாக்கியவை நல்ல நாள்கள் என்பதை என் கையெழுத்திலேயே படித்தேன்.

எனவே வலி வந்தபின் நிறுத்துவதை விட்டுவிட்டு, கடிகாரம் சொல்லும்போது நிறுத்தப் பழக வேண்டும். ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் நின்று சமைப்பதையே எடுத்துக்கொள்வோம். மூன்று நாள், வலி கூடத் தொடங்கும்வரை எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது என்று குறியுங்கள். 25, 40, 15 என்று வந்தால் கூட்டுத்தொகை 80, சராசரி ஏறத்தாழ 27. அதில் பாதி, அதாவது 13 நிமிடம், உங்கள் தொடக்க அளவு. இயன்முறை மருத்துவர்கள் சிலர் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் போதும் என்பார்கள். தொடக்கத்தில் பாதியே பாதுகாப்பானது என்பது என் அனுபவம். கைப்பேசியில் 13 நிமிடத்துக்கு மணி வைத்து, அடித்ததும் உட்காருங்கள். பத்து நிமிடம் உட்கார்ந்தே வெங்காயம் உரிக்கலாம், கீரை ஆயலாம். பிறகு மீண்டும் 13 நிமிடம் நிற்கலாம்.

இதில் மிகவும் கடினமானது, வலியே இல்லாத நாளில் மணியோசைக்குக் கட்டுப்படுவது. "இன்னும் கொஞ்சம்தானே, முடித்துவிடலாம்" என்று கை இழுக்கும். பாதி பெருக்கிய வீட்டை அப்படியே விட்டுவிட்டு உட்கார, உழைத்தே பழகிய நம் பெண்களுக்குக் கூச்சமாகவும் இருக்கும். ஆயினும் உட்காருங்கள். நல்ல நாளில் கூட்டாமலும், சுமாரான நாளில் குறைக்காமலும் இரண்டு வாரம் அதே அளவைக் கடைப்பிடித்தபின், இரண்டு நிமிடம் கூட்டிப் பாருங்கள். மறுநாள் காலை எண் ஏறவில்லையெனில் அதுவே புதிய அளவு. தீபாவளி முறுக்கை ஒரே இரவில் சுட்டு முடிப்பதற்குப் பதிலாக, ஐந்து நாள்களுக்குப் பிரித்து, பிழிவதை வீட்டிலுள்ள இளையவர்களிடம் கொடுத்து, நான் எண்ணெய்ச் சட்டிக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்த ஆண்டில்தான், பண்டிகையன்று விருந்தினரோடு அமர்ந்து உண்டேன்.

ஐந்தாம் படி: நடக்கத் தொடங்குங்கள்

ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பு 2016-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், வலுவாகப் பரிந்துரைக்கப்பட்டது உடற்பயிற்சி ஒன்றே. ஆனால் அதையும் நான்காம் படியின் அளவிலேயே தொடங்க வேண்டும். ஐந்து நிமிடம் நடையில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டினால் போதும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே சரியான வேகம். நம் ஊர் வெயிலுக்கு, காலை ஏழரை மணிக்குப் பள்ளித் திடலைச் சுற்றுவதோ மாலை ஆறரைக்குமேல் தாமான் (குடியிருப்பு) வீதியில் நடப்பதோ நல்லது. மழை பிடித்துக்கொண்டால் கடைவீதியின் ஐந்தடி நடைபாதை இருக்கிறது. முதல் சில வாரங்களில் வலி சற்றுக் கூடுவது இயல்பு. இரண்டு நாளுக்குமேல் நீடித்தால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். தை சி என்ற, மெல்ல அசைந்து செய்யும் சீனப் பயிற்சியும் இந்நோய்க்குப் பலன் தருவதாக ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். திடலில் காலையில் பயிலும் சீன முதியவர்களோடு சேர்ந்துகொள்ள வெட்கப்பட வேண்டாம்.

ஆறாம் படி: தூக்கம்

எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுங்கள். பிற்பகலுக்குப் பின் கோப்பியும் தே தாரேக் தேநீரும் வேண்டாம். பகலில் படுத்தால் 20 நிமிடத்துக்கு மணி வையுங்கள். பலத்த குறட்டையும், இடையிடையே மூச்சு நின்றுவிடுவதும் இருப்பதாக வீட்டார் சொன்னால், அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அது வேறு நோயாக இருக்கலாம், அதற்கு வேறு சிகிச்சை உண்டு.

ஏழாம் படி: மருந்துகளில் கவனம்

அமிட்ரிப்டிலின், டுலோக்செடின், பிரகாபாலின் ஆகியவை இந்நோய்க்குப் பொதுவாகத் தரப்படுபவை. முதல் இரண்டும் மனச்சோர்வுக்கான மருந்துகள் என்று உறையில் படித்துவிட்டு, "என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்களா" என்று வருந்தி மாத்திரையைத் தொடாமல் விட்டவர்களை நான் அறிவேன். வலியைக் கடத்தும் நரம்புகளின்மீதும் அவை வேலை செய்கின்றன. வலிக்கு அமிட்ரிப்டிலினை இரவில் 10 மில்லிகிராம் போன்ற சிறிய அளவிலேயே தொடங்குவார்கள். எதையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

கடையில் வாங்கும் வீக்க வலி மாத்திரைகள் இந்த வலிக்குப் பெரிதாக உதவுவதில்லை. நாள்தோறும் விழுங்கினால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதைவிட நான் அஞ்சுவது, சந்தையிலும் கைப்பேசி விளம்பரத்திலும் விற்கப்படும் ஜாமு (மலாய் நாட்டு மருந்து) மாத்திரைகளுக்கும் "மூலிகை" கோப்பிப் பொட்டலங்களுக்கும். நம் நாட்டுச் சுகாதார அமைச்சு, இப்படிப்பட்ட பல பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைக் கண்டுபிடித்துப் பலமுறை எச்சரித்திருக்கிறது. மூன்றே நாளில் வலி பறந்து, முகம் உப்பத் தொடங்கினால் அதன் காரணம் மூலிகையாக இருக்க வாய்ப்பில்லை. மருந்துப் பொருளை வாங்குமுன், உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் மின்னும் முத்திரை வில்லையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏற்கெனவே பல வாரம் சாப்பிட்டிருந்தால், அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு கிளினிக்குக்குப் போங்கள்.

உருவி விடுவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தைலம் தேய்த்து மெல்லத் தடவிக்கொடுப்பதும், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைப் பதினைந்து நிமிடம் போடுவதும் இதமாக இருக்கும். கட்டைவிரலால் அழுத்தி நசுக்கும் உருவல் வேண்டாம்.

எட்டாம் படி: வீட்டாரிடமும் வேலையிடத்திலும் சொல்லுங்கள்

காயமும் கட்டும் தெரியாத நோயை வீட்டார் நம்பத் தயங்குவது இயற்கை. மாமியாரிடம் நோயின் பெயரைச் சொல்லி விளக்க முயன்று நான் தோற்றேன். "அத்தை, பதின்மூன்று நிமிஷம் நிக்கிறேன், பத்து நிமிஷம் உட்காருறேன், அப்படின்னா நாளைக்கும் என்னால சமைக்க முடியும்" என்று சொன்னபோது அவருக்குப் புரிந்தது. மறுவாரம் மணியடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டவரே அவர்தான்.

வேலைக்குப் போகிறவர்கள், 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் தரும் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பை அறிந்திருங்கள்: இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், அதற்குமேல் 22 நாள். எம்.சி. என்ற மருத்துவ விடுப்பை எடுப்பதற்கு முன்பே, நின்றே செய்யும் வேலையில் இடையிடையே உட்கார அனுமதி கேட்டுப் பாருங்கள்.

வலியால் வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் அதை வீட்டில் ஒருவரிடமாவது அன்றே சொல்லுங்கள்; சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணிலும் பேசலாம்.

ஒன்பதாம் படி: வலி பொங்கும் நாள்களில்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நாள் வலி பொங்கும். அன்று முழுவதும் படுத்துவிடாதீர்கள். உங்கள் அளவை மீண்டும் பாதியாக்குங்கள். 13 நிமிடம் நிற்பவர் ஆறு நிமிடம் நிற்கட்டும், பத்து நிமிடம் நடப்பவர் ஐந்து நிமிடம் வாசல்வரை நடக்கட்டும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வலி முழுதும் தணியாவிட்டாலும், பழைய அளவை நோக்கி இரண்டிரண்டு நிமிடமாக ஏறுங்கள். நோட்டில் அந்த நாள்களையும் விடாமல் எழுதி, அடுத்த கிளினிக் தேதிக்கு உடம்புப் படத்தோடு அதையும் பையில் வையுங்கள்.