காசோலை வழக்கு: நோட்டீஸுக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

திரும்பி வந்த காசோலையோடு வழக்கறிஞரைப் பார்க்க வருபவர்களில் பலர், பணமின்றித் திரும்பும் காசோலையைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு தம் பக்கம் இருப்பதால் வழக்கு தானாகவே ஜெயித்துவிடும் என்று நம்புகிறார்கள். ஆனால் கெடு தவறினால் நியாயமான கடன்கூட இந்தப் பிரிவின் கீழ் நிற்காது.

ஆகவே வழக்குக் கட்டின் முதல் தாளாகத் தேதிப் பட்டியல் இருக்கட்டும். காசோலையை அதிலுள்ள தேதியிலிருந்து 3 மாதங்களுக்குள் வங்கியில் செலுத்த வேண்டும். பணமின்றித் திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள், பணத்தைக் கேட்டு எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். எதிர்த்தரப்பு மார்ச் 3 அன்று நோட்டீஸைப் பெற்றால் பணம் கட்ட மார்ச் 18 வரை அவகாசம் உண்டு. அதன்பின் ஏப்ரல் 18க்குள் புகாரைத் தாக்கல் செய்துவிடுவது பாதுகாப்பு. புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கோரலாம், நோட்டீஸுக்கு அந்த வழி இல்லை. காசோலை இன்னும் செல்லுபடியாகுமானால், மீண்டும் வங்கியில் செலுத்திப் புதிதாக நோட்டீஸ் அனுப்பலாம் என உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்துள்ளது.

நோட்டீஸில் காசோலைத் தொகையைத் தனியாகவும் தெளிவாகவும் கேட்க வேண்டும். வட்டியையும் செலவையும் அதனோடு கலந்து ஒரே தொகையாக எழுதுவது எதிரிக்கு நாமே ஆயுதம் கொடுப்பதாகும்.

என் பார்வையில், வழக்கின் உயிர் குறுக்கு விசாரணையில்தான் இருக்கிறது. காசோலை கடனைத் தீர்க்கவே கொடுக்கப்பட்டது என்ற 139ஆம் பிரிவின் அனுமானம் புகார்தாரருக்குச் சாதகமானதுதான். ஆனால் எதிரி தன் தரப்பு நம்பத்தக்கது என்று காட்டினாலே அது உடைந்துவிடும். "இந்த ஐந்து லட்சம் உங்களிடம் எப்படி வந்தது? வருமான வரிக் கணக்கில் காட்டினீர்களா?" என்ற கேள்வி ஏறக்குறைய எல்லாக் கைக்கடன் வழக்குகளிலும் வரும். அதற்கான வங்கிக் கணக்கு விவரம், நகை அடகுச் சீட்டு, புரோநோட்டு, வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை நோட்டீஸுக்கு முன்பே திரட்டி, நோட்டீஸ், புகார், பிரமாண வாக்குமூலம் மூன்றிலும் கடன் கொடுத்த தேதியும் விதமும் ஒன்றுபோல இருக்கும்படி எழுத வேண்டும். இவற்றிடையே உள்ள சிறு முரண்பாடும் சாட்சிக் கூண்டில் பெரிதாகிவிடும்.

வழக்கு கோப்புக்கு வந்தபின், சம்மனுக்கான முகவரியைச் சரிபார்ப்பதும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தைய நாள் இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்குக்குத் தரப்படும் 16 இலக்க அடையாள எண்ணான சிஎன்ஆர் எண்ணைக் கொண்டு வழக்கின் நிலையைப் பார்ப்பதும் பழக்கமாக வேண்டும். எதிரி குற்றத்தை மறுத்ததும், 143ஏ பிரிவின்படி காசோலைத் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்டு மனுச் செய்யலாம்.

சமரசப் பேச்சு வந்தால் மறுக்க வேண்டாம், 147ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது. ஆனால் தவணைத் தேதிகளை நீதிமன்றப் பதிவில் ஏற்றி, கடைசித் தவணை கணக்கில் வரவான பிறகே வழக்கை முடித்துக்கொள்ளுங்கள்.