பங்குல வின்சென்ட் தே பவுல் சபை ஆரம்பிக்கப் போறீங்களா? பணத்தை அப்புறம் பாருங்க, முதல்ல ஒரு வீட்டுக்குப் போங்க

நம்ம கத்தோலிக்கப் பங்குகள்ல, அதாவது ஒரு கோயிலைச் சேந்த குடும்பங்க மத்தியில, பெண்களுக்கு மரியாயின் சேனைன்னு ஒரு ஜெப சபை இருக்கு, பக்கத்து வீடுங்க சேந்து ஜெபிக்கற அன்பியக் கூட்டத்துலயும் அவங்கதான் முன்னாடி நிப்பாங்க, சின்னப் பசங்களுக்குப் பீடச்சிறுவர், இளையோருக்கு இளையோர் இயக்கம். கல்யாணம் ஆகி புள்ளகுட்டியோட இருக்கற ஆம்பளைக்குத்தான் திருவிழா வரி பிரிக்கறதையும் தேர் தூக்குறதையும் விட்டா கோயில்ல பெருசா வேலை ஒண்ணும் இல்ல. அவங்களுக்குன்னே இருக்கற மாதிரி ஒரு சபை உண்டுன்னா அது ஏழைங்க வீட்டுக்கு நேர்ல போய் உதவற வின்சென்ட் தே பவுல் சபைதான். பெண்களும் சேரலாம், பல ஊர்ல மகளிர் கிளை தனியாவே நடக்குது, ஆனா நான் இங்க சொல்றது ஆம்பளைங்க சேர்ந்து நடத்துற கிளையைப் பத்தி.

ஆரம்பக் கதையைச் சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா எப்படி நடத்தணுங்கறது அதுலயே இருக்கு. 1833 ஏப்ரல் 23, பாரிஸ். பிரெடெரிக் ஓசானாம்னு ஒரு காலேஜ் பையன், அன்னைக்கு அவருக்கு சரியா 20 வயசு. மேடையில திருச்சபைக்காக வாதாடிட்டு இருந்தவங்களை, சரிப்பா இப்ப உங்க திருச்சபை ஏழைக்கு என்ன பண்ணுதுன்னு எதிராளிங்க மடக்கிட்டாங்க. பதில் சொல்றதை விட்டுட்டு அவரும் கூட்டாளிங்களும் ஏழைங்க வீட்டுக்கே போக ஆரம்பிச்சாங்க. வழி காட்டுனது ரோசலி ரெந்துன்னு ஒரு கன்னியாஸ்திரி, இந்த வீட்டுக்குப் போங்க அந்த வீட்டுக்குப் போங்கன்னு அனுப்புனவங்க அவங்கதான். வயசுல மூத்தவரான இம்மானுவேல் பெய்லி முதல் தலைவர். இந்தியாவுக்கு சபை வந்தது 1863ல. ஓசானாமுக்கு 1997ல திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அருளாளர் பட்டம் குடுத்தார். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்தப் பசங்க நிதி திரட்டிட்டு வேலையை ஆரம்பிக்கல, தங்க பையில இருந்ததைத்தான் போட்டாங்க.

இப்ப நம்ம பங்குக்கு வருவோம். முதல்ல ஃபாதரைப் பாருங்க, ஆனா ஃபாதர் எவ்வளவு குடுப்பீங்கன்னு ஆரம்பிக்காதீங்க. ஒரு ரூம், ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம், அப்புறம் நற்கருணை குடுக்கப் போறப்ப அவர் பாத்து வச்சிருக்கற நோயாளிங்க வீட்டு லிஸ்ட், இது போதும். பக்கத்துப் பங்குல ஏற்கெனவே கிளை இருந்தா அங்க உள்ள பெரியவங்க ரெண்டு பேரைக் கூப்பிட்டு உக்கார வைங்க, ஜெபப் புத்தகம், அறிக்கை எழுதுற முறை, கிளைகளுக்கு மேல இருக்கற சபையில பதிவு பண்றது எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. கிளை கொஞ்ச காலம் ஒழுங்கா ஓடுன பிறகு பாரிஸ்ல இருக்கற தலைமைச் சபையில இருந்து இணைப்புச் சான்று வரும், அதுக்கு அவசரமே இல்ல.

ஆள் சேக்கறது எப்படின்னா, பூசையில அறிவிப்பு வாசிச்சா யாரும் வர மாட்டாங்க, வந்தாலும் எல்லா சபையிலயும் பேர் வச்சிருக்கற அதே நாலு பேர்தான் வருவாங்க. ஒவ்வொருத்தரா நேர்ல போய்க் கேக்கணும். ரிட்டயர்டு வாத்தியார், ஈபில வேலை பாக்கறவர், ஆட்டோ ஓட்டுறவர், மளிகைக்கடை வச்சிருக்கறவர்னு கலந்து ஏழெட்டுப் பேர் இருந்தா நல்லது, அதுலயும் ஆட்டோக்காரருக்கும் மளிகைக்கடைக்காரருக்கும் ஊர்ல எந்த வீட்ல அடுப்பு எரியலன்னு நம்மள விட நல்லா தெரியும். இன்னொண்ணு, இதை வெளிப்படையா சொல்லிடறேன், நம்ம பங்குகள்ல தெருவுக்குத் தெரு சாதி இருக்கு, அதை மூடி மறைச்சுப் பிரயோஜனமில்ல. ஒரே தெரு ஆளுங்களா சேந்துட்டா கிளை அந்தத் தெருவுக்கு மட்டும்தான் வேலை செய்யும். அதனால ஆள் எடுக்கறப்பவே எல்லாத் தெருவுல இருந்தும் எடுங்க, ஜோடி போடறப்ப வேற வேற தெருக்காரங்களா பாத்துப் போடுங்க. முதல் மாசம் கொஞ்சம் நெளிவாங்க, போகப் போக சரியாயிடும்.

கூட்டம் வாராவாரம். மாசத்துக்கு ஒரு தடவைன்னு வச்ச கிளை பல எடத்துல கொஞ்ச நாள்லயே படுத்துருச்சு. தொடக்க ஜெபம், பைபிள்ல ஒரு பகுதி வாசிச்சு அஞ்சு நிமிஷம் யோசனை, போன வார அறிக்கை, கணக்கு, அப்புறம் வீடு சந்திச்ச ஜோடிங்க என்ன பாத்தோம்னு சொல்றது, அடுத்த வாரம் யார் எங்கன்னு முடிவு, ரகசியப் பை, முடிவு ஜெபம். ரகசியப் பைன்னா புதுசா வர்றவங்களுக்குப் புரியாது. சின்னத் துணிப்பை ஒண்ணு கை மாறிப் போகும், ஒவ்வொருத்தரும் மூடுன கையை உள்ள விட்டு எடுப்பாங்க, நூறு போட்டாரா பத்து போட்டாரா ஒண்ணுமே போடலையான்னு பக்கத்துல உக்காந்திருக்கறவருக்குக் கூட தெரியாது. சந்தா இவ்வளவுன்னு வச்சுட்டீங்கன்னா கைல காசில்லாத ஆள் அந்த வாரம் கூட்டத்துக்கு வர மாட்டார், அடுத்த வாரமும் வர மாட்டார். அதுக்காகத்தான் இந்தப் பை.

கூட்டத்துல நேரம் ஒதுக்க வேண்டியது சந்திப்பு அறிக்கைக்குத்தான். கணக்கு வாசிக்கறதுல முக்கால் மணி நேரம் போச்சுன்னா எங்கயோ தப்பா போகுதுன்னு வச்சுக்கோங்க.

இப்ப முக்கியமான விஷயம், வீடு சந்திக்கறது. எப்பவும் ரெண்டு பேராத்தான் போகணும், இயேசுவே சீடர்களை இருவர் இருவராத்தான் அனுப்பினார், அது மட்டுமில்ல, தனியா இருக்கற பொம்பளைங்க வீட்டுக்கு ஒத்த ஆம்பளை போனா ஊர் வாய் சும்மா இருக்காது. முதல் தடவை போறப்ப அரிசி மூட்டையைத் தூக்கிட்டுப் போகாதீங்க. அதைப் பாத்ததும் அவங்க நம்மளைக் குடுக்க வந்தவங்களா மட்டும்தான் பாப்பாங்க, அப்புறம் வீட்டு நிலவரத்தைக் கேட்டா எது கேட்டா கிடைக்கும்னுதான் பேச்சு போகும். சும்மா போங்க. உக்காருங்கன்னு சொன்னா உக்காருங்க, தரையா இருந்தாலும் பரவாயில்ல. கடுங்காப்பி குடுத்தா குடிங்க, வேணாம் இப்பத்தான் குடிச்சோம்னு சொல்லாதீங்க, அவங்களும் ஒண்ணு குடுக்கணுமில்ல.

பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும்.

"பாட்டி, மாத்திரை எல்லாம் ஒழுங்கா போடுறீங்களா?"

"போடுறேன் ராசா."

"எங்க, காட்டுங்க பாப்போம்."

சுவத்து ஆணியில தொங்கற மஞ்சப்பையை எடுத்துக் கவுப்பாங்க. உள்ள ரேஷன் கார்டு, ஆதார், எப்பவோ எடுத்த ஸ்கேன் கவர், பிரஷர் மாத்திரை அட்டை பாதி தீந்தது ஒண்ணு, முழுசா பிரிக்காதது மூணு. அப்பத்தான் தெரியும் பாட்டிக்குத் தலை சுத்துறது ஏன்னு. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து மாத்திரை குடுத்துட்டுதான் போயிருக்காங்க, காலையில எது ராத்திரி எதுன்னு பாட்டிக்குத்தான் கணக்கு தெரியல, அட்டையில எழுதியிருக்கறது கண்ணுக்கும் தெரியல. அட்டை மேல ஸ்கெட்ச் பேனாவால சூரியன் ஒண்ணு நிலா ஒண்ணு வரைஞ்சு வச்சா வேலை முடிஞ்சது. செலவே இல்ல. அஞ்சு கிலோ அரிசியை வாசல்ல வச்சுட்டுத் திரும்பியிருந்தா இது தெரிஞ்சே இருக்காது.

அந்த மஞ்சப்பையிலயே இன்னும் நிறைய வேலை இருக்கு. முதியோர் உதவித்தொகை மாசம் 1200 ரூபாய், தகுதி இருந்தும் வாங்காதவங்க ஒவ்வொரு தெருவுலயும் இருப்பாங்க, விதவை உதவித்தொகையும் அப்படித்தான். மனு போட ஈ-சேவை மையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, கைரேகை விழலைன்னு திருப்பி அனுப்புனா மறுபடியும் கூட்டிட்டுப் போங்க, விஏஓ ஆபீஸ்ல பக்கத்துல நில்லுங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கான்னு பாருங்க, அதுல ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் சிகிச்சை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஓடிவந்து சபையில பணம் கேக்கற குடும்பத்துல பாதிப் பேருக்கு இந்த அட்டை எடுக்காததுதான் பிரச்சினை. நம்ம ரகசியப் பையில ஒரு வருஷம் சேர்றதை விட ஒரு மனு சரியா போட்டா அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்றது ஜாஸ்தி, இதை ரிட்டயர்டு வாத்தியாருங்க கிட்ட விட்டுடுங்க, அவங்களுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும்.

கைல காசா குடுக்கலாமான்னு கேப்பாங்க. வீட்ல குடிக்கற ஆள் இருந்தா குடுக்காதீங்க, ஸ்கூல் ஃபீஸை ஸ்கூல்லயே கட்டுங்க, மருந்தை மெடிக்கல்ல வாங்கிக் குடுங்க, மளிகையை நம்ம கடைக்கார அண்ணாச்சி கிட்ட சொல்லி வீட்டுக்கே அனுப்புங்க. மத்தவங்களுக்குக் காசா குடுக்கறதுல தப்பில்ல, ஏழைன்னா செலவு பண்ணத் தெரியாதவங்கன்னு யார் சொன்னா. கடனா மட்டும் குடுக்கவே வேணாம். கடன் வாங்குன வீட்டுக்காரர் அப்புறம் நம்மளைப் பாத்தா சந்துக்குள்ள போயிடுவார், வீட்டு வாசல் நமக்கு அடைஞ்சு போயிடும்.

போட்டோ எடுக்கக் கூடாது. அரிசிப் பையை நாலு பேர் சேந்து பிடிச்சுகிட்டு நடுவுல ஒரு வயசான அம்மாவை நிக்க வச்சு எடுக்கற போட்டோ இருக்கே, அதைப் பங்கு வாட்ஸப் குரூப்ல போட்டா அந்தம்மாவோட சம்பந்தி வீட்லயும் பாப்பாங்க. உதவி பண்ற குடும்பத்தோட பேர் கூட்டத்தை விட்டு வெளிய போகக்கூடாது, பொண்டாட்டி கிட்ட கூட. இது சபையோட பழைய பழக்கம், இதுல சமரசமே கிடையாது.

பூசைக்கு வந்தாத்தான் அரிசின்னும் சொல்லாதீங்க. இந்து வீடோ முஸ்லிம் வீடோ எதுவா இருந்தாலும் போகலாம், சபையில அப்படி வேலி எதுவும் கிடையாது. மத்தேயு 25ல ஆண்டவர் பசியா இருந்தேன்னுதான் சொல்றார், எந்தக் கோயிலுக்குப் போறவன்னு அங்க கேள்வியே வரல. அவங்களா ஜெபிக்கச் சொன்னா ஜெபிங்க.

நிதிக்கு வழி நிறைய இருக்கு, நீட்டி முழக்கல. சில பங்குகள்ல பிடி அரிசி இருக்கு, உலை வைக்கறப்ப ஒரு பிடி எடுத்துத் தனியா வச்சு மாசக் கடைசியில கோயிலுக்குக் கொண்டு வர்றது. அந்தோனியார் உண்டியல்ல ஒரு பங்கை ஏழைங்களுக்குன்னு ஃபாதர் ஒதுக்கலாம். 2017ல திருத்தந்தை பிரான்சிஸ் ஆரம்பிச்சு வச்ச உலக வறியோர் தினம் நவம்பர்ல வரும், செப்டம்பர் 27 புனித வின்சென்ட் தே பவுல் திருநாள், இந்த ரெண்டு நாள்லயும் பூசைக்குப் பிறகு காணிக்கை கேக்கலாம். பேங்க் அக்கவுண்ட்டுக்கு ரெண்டு கையெழுத்து, வருஷத்துக்கு ஒரு தடவை வெளியாளை வச்சு கணக்கு பாருங்க. தலைவர் பதவிக்குக் காலவரையறை உண்டு, முடிஞ்சா எழுந்து அடுத்தவருக்கு எடம் விடணும், எங்க ஊர் பக்கம் சபைங்க உடையறது பெரும்பாலும் இந்த எடத்துலதான்.

ஐக்கியம், தோழமைன்னு தனியா எதுவும் ஏற்பாடு பண்ண வேண்டியதில்லன்னு நான் நினைக்கிறேன். சுற்றுலா, கேக் வெட்டுறதெல்லாம் இருந்துட்டுப் போகட்டும். ஆனா நம்ம ஆம்பளைங்க மேசையைச் சுத்தி உக்காந்து மனசைத் திறங்கன்னு சொன்னா திறக்க மாட்டாங்க, செருப்பைப் பாத்துகிட்டு உக்காந்திருப்பாங்க. அதே ரெண்டு பேர் ஒரே பைக்ல ஒரு நோயாளி வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வர்றப்ப, பின்னாடி உக்காந்திருக்கறவர் தானா ஆரம்பிப்பார், எங்க அப்பாவும் இப்படித்தான் கடைசியில கெடந்தார், நான் சரியா பாக்கல அண்ணேன்னு. முன்னாடி ஓட்டுறவர் திரும்பிப் பாக்க மாட்டார், ரோட்டைப் பாத்துகிட்டே ம் ம்னு கேப்பார். அதனால ஜோடியை ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, எல்லாரும் எல்லார் கூடவும் போகணும். கூட்டத்துல ஜெபம் சொல்ல வெக்கப்படறவர் கூட அப்படிப் போயிட்டு வந்த வாரம் அந்தப் பாட்டி பேரைச் சொல்லி மன்றாட்டு வைப்பார், கவனிச்சுப் பாருங்க.

உறுப்பினர் வீட்லயே கஷ்டம் வந்தா என்ன பண்றதுன்னு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. வேலை போச்சு, ஆஸ்பத்திரியில கெடக்கார்னா அவர் வீட்டுக்கும் ரெண்டு பேர் போகணும், மத்த வீட்டுக்குப் போற மாதிரியே, அறிக்கையில பேர் எழுதாம. சாவு விழுந்தா தூம்பா, அதாவது பிணப்பெட்டி தூக்க, கல்லறையில குழி வெட்ட ஆள் பிடிக்க, மூணாம் நாள் பூசைக்கு எழுதிக் குடுக்கன்னு கிளை முழுக்க அங்க நிக்கணும், அனாதைப் பிணமா இருந்தாலும் அப்படித்தான்.

கடைசியா ஒண்ணு, எடுத்த குடும்பத்தை வருஷக்கணக்கா லிஸ்ட்லயே வச்சிருக்காதீங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வீட்டையும் பேசுங்க, பையன் வேலைக்குப் போயிட்டானா, உதவித்தொகை வர ஆரம்பிச்சுதா. நிலைமை தேறியிருந்தா மளிகையை நிறுத்தலாம், ஆனா அதை அவங்க கிட்ட நேர்ல போய்ச் சொல்லி, எந்த மாசத்தோட நிக்கும்னு முன்கூட்டியே தேதி குடுத்து நிறுத்துங்க. அதுக்கப்புறமும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை சும்மா அந்த வீட்டுப் பக்கம் போயிட்டு வாங்க.