ஸ்பானிஷா, வேறு மொழியா? வகுப்பில் சேர்வதற்கு முன்

நான் ஸ்பானிஷ் வகுப்பு எடுப்பவள். ஆனாலும் என்னிடம் சேர வருகிறவர்களில் நிறையப் பேரை முதல் பேச்சிலேயே வேறு மொழிப் பக்கம் அனுப்பிவிடுவேன். தியாகம் எல்லாம் இல்லை. பொருந்தாத மொழியில் சேர்ந்தவர் கொஞ்ச நாளில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார ஆரம்பிப்பார், அப்புறம் வரவே மாட்டார். அப்படி ஒருவரை வைத்துக்கொண்டு வகுப்பு எடுப்பது இரண்டு பேருக்கும் வேதனை. அதனால் "மேடம், ஸ்பானிஷ் நல்லதா, ஜெர்மன் நல்லதா?" என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பேன்: அந்த மொழி தெரியும் என்பதற்கு உங்களிடம் யாராவது சான்றிதழ் கேட்கப்போகிறார்களா?

ஆமாம் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, அவர்கள் கேட்கும் மொழியைப் படியுங்கள். ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போகிறவரிடம் பெரும்பாலும் பி2 நிலை கேட்கிறார்கள் (ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஏறும் ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் நான்காவது படி). டாக்டராக இருந்தால் சி1 தரத்தில் மருத்துவ மொழித் தேர்வு தனியாக உண்டு. இப்படிப்பட்டவருக்கு ஸ்பானிஷ் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் நான் இடம் கொடுக்க மாட்டேன். கனடாவில் குடியேற விண்ணப்பிப்பவருக்குப் பிரெஞ்சு தெரிந்தால் கூடுதல் புள்ளிகள் கிடைக்கும். ஆனால் டெஃப் கனடா, டிசிஎஃப் கனடா என்ற தேர்வுகளைத்தான் அதற்கு ஏற்கிறார்கள், பலரும் எழுதும் டெல்ஃப் சான்றிதழ் அங்கே செல்லாது. எனவே மொழியை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. எந்தத் தேர்வு, எந்த நிலை, எத்தனை காலம் செல்லும் என்ற மூன்றையும் சான்றிதழ் கேட்கும் நிறுவனத்தின் அறிவிப்பிலேயே படித்துவிட்டு வாருங்கள். ஸ்பானிஷின் டெலே சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. கொரிய மொழியின் டோபிக் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். சீக்கிரம் எழுதி வைத்துவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இது முக்கியம்.

ஜப்பானிய மொழிக்கான ஜேஎல்பிடி தேர்வில் எண்கள் தலைகீழ்: என்5 தொடக்க நிலை, என்1 உச்சம். அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே இல்லை. என்2 தேறிய பிறகும் தொலைபேசி அடித்தால் பதறுகிறவர்கள் இருப்பது அதனால்தான்.

சரி, யாரும் சான்றிதழ் கேட்கவில்லை, ஆசைக்காகவோ பிற்காலத்துக்காகவோ படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் நிஜமாகவே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் எல்லோரும் முதலில் எடுத்து வைப்பது எண்ணிக்கை. ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி, தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் ஏறத்தாழ 50 கோடி. உண்மைதான். ஆனால் அந்த 50 கோடியில் உங்களோடு பேசப்போகிறவர்கள் யார்? தென் அமெரிக்காவில் வியாபாரத் தொடர்பு இருக்கிறது, அதனால் ஸ்பானிஷ் வேண்டும் என்று ஒருவர் வந்தார். எந்த நாடு என்று விசாரித்தால் பிரேசில். அங்கே போர்த்துகீசிய மொழி. அந்தக் கண்டத்தின் மக்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அந்த ஒரே நாட்டில் இருக்கிறார்கள். "ஆப்பிரிக்கா முழுக்கப் பிரெஞ்சுதானே" என்பதும் இதே மாதிரிப் பேச்சு. எனவே நாட்டின் பெயரை, முடிந்தால் நகரத்தின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். எழுத எதுவும் இல்லை என்றால் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள்.

அடுத்தது, எது சுலபம் என்ற கேள்வி. இணையத்தில் எங்கும் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பட்டியல் உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் அதிகாரிகளுக்காகப் போட்டது: ஸ்பானிஷுக்கு 24 முதல் 30 வாரம், ஜெர்மனுக்கு 36, ரஷ்ய மொழிக்கும் இந்திக்கும் 44, அரபு, சீனம், ஜப்பானிய மொழி, கொரிய மொழி ஆகியவற்றுக்கு 88. முழுநேர வகுப்பு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்கள், அவர்களுக்கான கணக்கு இது. அந்த 44 வாரக் கூட்டத்தில் தமிழும் இருக்கிறது! தமிழிலேயே வளர்ந்தவர் இந்தப் பட்டியலை அப்படியே நம்பினால் எப்படி? நமக்கு நாமே ஒன்று போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்பானிஷில் நமக்கு ஒலி கைகொடுக்கும். ப, த, க ஒலிகளை ஆங்கிலத்தைப் போல மூச்சை ஊதிச் சொல்ல வேண்டியதில்லை, நாம் சொல்வது போலவே சொன்னால் போதும். ஆங்கிலேயர்கள் திணறும் அந்த உருளும் ரகரம் நம் நாக்குக்குப் பெரும்பாலும் சீக்கிரம் வந்துவிடும். வினையின் முடிவிலேயே ஆள் தெரிந்துவிடும்: 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'நான்' என்று தனியாகச் சேர்க்க வேண்டாம். நீ, நீங்கள் வேறுபாடும் உண்டு. எழுத்தைப் பார்த்தால் உச்சரிப்பு தெரியும். ஆங்கிலம் தெரிந்தவருக்கு ஏராளமான சொற்கள் பாதி பழகியவையாகவே வரும். எங்கே முட்டும் என்றால், உயிரற்ற பொருளுக்கும் பால் உண்டு: மேசை பெண், புத்தகம் ஆண். இறந்தகாலம் இரண்டு விதம். 'ஆசிரியராக இருக்கிறார்', 'களைப்பாக இருக்கிறார்' இரண்டுக்கும் வெவ்வேறு வினை. விருப்பம், சந்தேகம் சொல்லும்போது வினையின் வடிவமே மாறும், இதில்தான் என் மாணவர்கள் அதிக காலம் தங்குகிறார்கள்.

ஜப்பானிய மொழியும் கொரிய மொழியும் நம்மவர்களுக்கு வேறு கதை. வாக்கியம் நம் வரிசையில்தான் ஓடும், வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால். 'எழுதிப் பார்' என்று நாம் ஒரு வினையோடு 'பார்' சேர்ப்பதை அந்த இரண்டு மொழியும் அப்படியே செய்கின்றன. ஆங்கிலம் வழியாக இதைப் படிக்கிறவர் பக்கம் பக்கமாக விளக்கம் படிப்பார், தமிழ் வழியாக யோசித்தால் ஒரு வரியில் முடியும். ஆனால் எழுத்து விஷயத்தில் இரண்டும் பிரிந்துவிடும். கொரிய எழுத்து 15ஆம் நூற்றாண்டில் திட்டமிட்டு உருவாக்கப்பட்டது, அடிப்படை எழுத்துகள் 24தான், சில நாளில் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். ஜப்பானிய மொழியிலோ இரண்டு அசையெழுத்து வரிசைகளுக்கு மேல், பொதுப் பயன்பாட்டுக்கான கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) மட்டும் 2136. இலக்கணத்தில் மிச்சமாகும் நேரத்தை அது வாங்கிக்கொள்ளும்.

மற்றவை சுருக்கமாக. பிரெஞ்சில் கடைசி எழுத்துகள் பலவற்றை ஒலிப்பதில்லை, அதனால் படிக்க வரும், காதில் விழாது. ஜெர்மனில் நான்கு வேற்றுமை. எட்டு வேற்றுமை படித்த நமக்கு அது பயமில்லை, ஆனால் அங்கே அது பெரும்பாலும் பெயரின் வாலில் ஒட்டாமல் முன்னால் நிற்கும் சிறு சொல்லில் மாறும், கூடவே மூன்று பால். சீனத்தில் வினைத்திரிபே இல்லை, அந்த உழைப்பெல்லாம் நான்கு தொனிகளுக்கும் எழுத்துக்கும் போகும். அரபில் எழுத்து வழக்கு ஒன்று, பேச்சு வழக்கு நாட்டுக்கு நாடு வேறு. இந்த இரட்டை வழக்கு நமக்குப் புதிதல்ல என்றாலும் எந்த நாட்டுப் பேச்சு என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

இப்போது நேரக் கணக்கு. அந்த அமெரிக்கக் கணக்கில் ஸ்பானிஷுக்கு 600 முதல் 750 மணி நேர வகுப்பு. தினமும் அரை மணி நேரம் ஒதுக்குகிறவருக்கு அது மூன்று, நான்கு வருடம். 2200 மணி நேரம் என்று போட்டிருக்கும் ஜப்பானிய மொழிக்கு அதே அரை மணி நேரத்தில் 12 வருடம். நம் தமிழ் கொஞ்சம் குறைத்துத் தரும், பாதியாக்காது. இதெல்லாம் வேலையில் பயன்படுத்தும் அளவுக்கான கணக்கு. பயணத்தில் நாலு வார்த்தை பேச இவ்வளவு வேண்டாம். அதற்கு மட்டும்தான் என்றால் போனில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலியே போதும் என்று நானே சொல்லிவிடுவேன்.

இத்தனை நூறு மணி நேரத்தை எதைக் கொண்டு நிரப்பப்போகிறீர்கள் என்பதைத்தான் நான் எல்லாவற்றையும் விடப் பெரிதாக நினைக்கிறேன். பாடப்புத்தகம் அதில் ஒரு சின்னப் பங்கு. மீதி, நீங்களாகப் போய்க் கேட்பதும் பார்ப்பதும். வேலைக்கு உதவும் என்று ஸ்பானிஷ் கேட்டு வந்த ஒரு பெண்ணிடம் இரவில் என்ன பார்ப்பீர்கள் என்றேன். கொரியத் தொடர்கள், ஒன்று விடாமல். அந்த வேலையும் உறுதியான வேலை அல்ல, "ஒருவேளை" வகை. கொரிய மொழிக்கே போகச் சொன்னேன். மாறாக, ஸ்பெயின் கால்பந்து ஆட்டங்களை ஸ்பானிஷ் வர்ணனையிலேயே, புரியாமலே, கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையனைச் சேர்த்துக்கொள்ள எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. (அனிமே பார்த்து ஜப்பானிய மொழிக்கு வருகிறவர்களுக்கு ஒன்று: அதில் வரும் முரட்டுப் பேச்சை அலுவலகத்தில் பேசிவிடாதீர்கள்.)

இன்னும் இரண்டு மொழிகளுக்கு நடுவில் நிற்கிறீர்களா? ஆளுக்கு ஒரு வாரம் கொடுங்கள், ஒரே வாரத்தில் இரண்டையும் கலக்காமல். முதல் இரண்டு நாள் எழுத்தும் ஒலியும் மட்டும். பிறகு தினமும் பாதி நேரம் நிஜப் பேச்சைக் கேளுங்கள். ஜெர்மனுக்கு டாய்ச்ச வெல்லெ ஒலிபரப்பு மெதுவாக வாசிக்கும் செய்திகளை இலவசமாகத் தருகிறது, பிரெஞ்சுக்கு ஆர்எஃப்ஐ வானொலியில் எளிய பிரெஞ்சுச் செய்தி உண்டு. கடைசி நாள் உங்களைப் பற்றி ஐந்தாறு வாக்கியம் சத்தமாகப் பேசிப் பதிவு செய்யுங்கள். எவ்வளவு மனப்பாடம் ஆனது என்பதை நான் பார்க்க மாட்டேன். எந்த வாரத்தில் நேரம் முடிந்த பிறகும் எழுந்திருக்காமல் இருந்தீர்கள் என்று கேட்பேன். செயலியில் தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று காட்டும் அந்த நெருப்புப் படம் கணக்கில் வராது, அது விளையாட்டின் ஈர்ப்பு.

ஸ்பானிஷ் என்று முடிவானால், ஸ்பெயின் வழக்கா லத்தீன் அமெரிக்க வழக்கா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். முன்னிலைப் பன்மை வினை மாறும், சில எழுத்துகளின் ஒலி மாறும், அர்ஜென்டினாவில் 'நீ'க்கு வேறு சொல். ஆசிரியருக்கு எது வருமோ அதில் தொடங்கி, பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தொடக்கத்தில் இத்தாலிய மொழியையோ போர்த்துகீசிய மொழியையோ கூடச் சேர்க்க வேண்டாம். மூன்றும் மிக நெருங்கியவை, ஒன்றின் சொல் இன்னொன்றுக்குள் புகுந்துவிடும். பி1 வரை ஒன்றையே பிடித்துக்கொண்டு போனால், அடுத்ததைப் பாதி உழைப்பில் எடுக்கலாம்.

டெமோ வகுப்பில் ஆசிரியரிடம் பாடத்திட்டத்தைப் பற்றிக் கேட்பதை விட, ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு மாணவரும் எத்தனை நிமிடம் வாய் திறந்து பேசுவார் என்று கேளுங்கள். பேட்ச்சில் இருபது பேர் என்றால் பதிலை நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.