வீட்டிலேயே கிரவுன், பினியன் மாற்றுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பிக்கப் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய டயர் மாட்டிய பிறகுதான் டிஃபரன்ஷியல் என்ற ஒன்று நினைவுக்கு வருகிறது. 30 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குலம் போட்டதும் வண்டி மேட்டில் முனகுகிறது. மேல் கியரில் நிற்காமல் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. டிஃபரன்ஷியலில் உள்ள கிரவுன் (பெரிய வளையப் பல்சக்கரம்), பினியன் (அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) இரண்டையும் மாற்றி கியர் விகிதத்தைத் திருத்தினால் சரியாகும் என்று தெரிந்து பட்டறையில் விசாரித்தால் கூலியைக் கேட்டே தலை சுற்றுகிறது. நமக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதா என்று சனிக்கிழமை காலை கராஜில் வண்டியைத் தூக்கி நிறுத்திவிடுகிறார்கள். ஸ்பேனர் பிடிக்கத் தெரிவது நல்லதுதான். ஆனால் இந்த வேலையில் கழற்றி மாட்டுவது சிறு பங்கு, பெரும்பங்கு அளப்பது. இதில் நடக்கும் தவறுகள் ஏறக்குறைய எல்லாமே, அளக்க வேண்டிய இடத்தில் கைப்பழக்கத்தை நம்பியதால் வருபவை.

உதாரணத்துக்கு ஒரே ஆக்சிலை எடுத்துக்கொள்கிறேன்: செவ்ரோலெட், ஜி.எம்.சி. ஹாஃப் டன் பிக்கப்களில் 1970களிலிருந்து 1990களின் இறுதி வரை பரவலாக வந்த 8.5 அங்குலப் பின் ஆக்சில் (8.5 என்பது கிரவுனின் விட்டம்). பின்மூடியில் 10 போல்ட் இருப்பதால் 'டென் போல்ட்' என்றே பெயர். ஃபோர்டு, டானா ஆக்சில்களில் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) உட்காரும் இடமும் அளவுகளும் மாறும். வேலையின் முறை மாறாது.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. இந்த ஆக்சிலில் 3.42 விகிதம் என்றால் கிரவுனில் 41 பல், பினியனில் 12. 3.73-க்கு பினியனில் 11 பல், 4.10-க்கு 10, 4.56-க்கு 9. கிரவுனில் அதே 41 தான். (41 பகா எண் என்பதால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பற்களையும் முறை வைத்துச் சந்திக்கும், தேய்மானம் சமமாகப் பரவும்.) 30 அங்குல டயரும் 3.42-ம் இருந்த வண்டிக்கு 33 அங்குலம் மாட்டினால், பழைய இழுவையைத் திரும்பப் பெற 3.42-ஐ 33-ஆல் பெருக்கி 30-ஆல் வகுக்க வேண்டும். விடை 3.76. ஆகவே 3.73 போட்டால் இழந்தது திரும்பி வரும், கூடுதலாக எதுவும் வராது. டிரெய்லர் இழுப்பவர் 4.10-ஐ யோசிக்க வேண்டும். நண்பர் போட்டார் என்பதற்காக 4.56 வாங்குபவர், நெடுஞ்சாலையில் எஞ்சின் ஓயாமல் கத்துவதைக் கேட்டுக்கொண்டே போக வேண்டியதுதான்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் முன் ஆக்சிலையும் அதே விகிதத்துக்கு மாற்ற வேண்டும். பின்னால் 3.73, முன்னால் 3.42 என்று விட்டுவிட்டு ஃபோர் வீலில் போட்டால் இரண்டு அச்சுக்கும் சுமார் 9 சதவீதம் வேறுபாடு. காய்ந்த சாலையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) அதைத் தாங்காது. பட்ஜெட் போடும்போது பலர் மறப்பது இதைத்தான்.

கிரவுனைத் தாங்கும் கேஸும் எல்லா விகிதத்துக்கும் பொருந்தாது. 8.5 அங்குல ஆக்சிலில் 2.56 வரை ஒரு கேஸ், 2.73-லிருந்து மேலே இன்னொன்று. டானா 44-இல் அந்தப் பிரிவு 3.73-க்கும் 3.92-க்கும் இடையில் வருகிறது. பினியன் சிறுக்கச் சிறுக்க அதை எட்டுவதற்குக் கிரவுன் தடித்தாக வேண்டும் என்பதால் வரும் சிக்கல் இது. அதே காரணத்தால் 4.10, 4.56 போன்ற தடித்த கிரவுனை மாட்டிய பிறகு, கேஸின் நடுவில் இருக்கும் குறுக்குப் பின் (குறுக்கே செல்லும் தண்டு) வெளியே வராமல் கிரவுனில் முட்டிக்கொள்ளும். அந்தப் பின் வராவிட்டால் ஆக்சில் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் சி கிளிப்பை மாட்ட முடியாது. ஒரு பக்கம் வெட்டு விட்ட குறுக்குப் பின் கடையில் தனியாகக் கிடைக்கிறது; கிரவுன் வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிடுவது மேல். இரவு பத்து மணிக்கு எல்லாம் செட் செய்து முடித்த பிறகு இது தெரியவந்தால் வரும் எரிச்சலுக்கு அளவில்லை.

பிரிப்பதில் உள்ள தவறுகள்

குறுக்குப் பின்னைப் பூட்டியிருக்கும் சிறிய போல்ட் முறிவதற்கென்றே பிறந்தது. துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, சரியான அளவு ஸ்பேனரால் பொறுமையாகத் திறக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது புதியதைப் போட வேண்டும். கிரவுனின் போல்ட்கள் இந்த ஆக்சிலில் இடது மரை. இது தெரியாமல் வழக்கமான திசையில் நீண்ட குழாயை மாட்டி நெம்புபவர், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பார்.

பேரிங் கேப் இரண்டையும் கழற்றும் முன் இடது, வலது, மேல், கீழ் என்று பஞ்சால் புள்ளி அடித்துக்கொள்ளுங்கள். ஹவுசிங்கோடு சேர்த்தே கடைசல் செய்யப்பட்டவை அவை. இடம் மாறினாலோ தலைகீழானாலோ பேரிங் கப் வட்டமாக உட்காராது. அந்த போல்ட்களை ஒரேயடியாகக் கழற்றிவிடவும் கூடாது. சில மரைகள் பிடித்திருக்கும்படி விட்டுவைத்தால், நெம்பும்போது கேஸ் திடீரென்று விடுபட்டு மடியில் விழாது. கிரவுனோடு சேர்ந்த அந்தக் கேஸ் விரலை நசுக்கும் கனம் உள்ளது. வண்டி ஜாக்கில் நிற்காமல் ஸ்டாண்டில் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

வெளியே வரும் பழைய ஷிம்களைத் துடைத்து, அளந்து, எந்தப் பக்கத்தது என்று எழுதிவைக்க வேண்டும். பினியன் தலைக்கும் உள் பேரிங்குக்கும் நடுவில் இருந்த ஷிம்தான் புதிய பினியனுக்கு முதல் ஊகம். அதை எண்ணெய்த் துணியோடு சுருட்டிக் குப்பையில் போட்டவர் இருட்டில்தான் தொடங்க வேண்டும். சில ஆக்சில்களில் பினியன் பேரிங்குக்கு அடியில் எண்ணெய் சிதறும் தகடு ஒன்று இருக்கும். அதன் தடிமனும் ஷிம் கணக்கில் சேரும். அதை விட்டுவிட்டால் பினியன் முழுத் தகட்டளவு தள்ளிப்போய்விடும்.

பழைய பேரிங் நன்றாகத்தானே இருக்கிறது என்று அதையே போடுவதை நான் சிக்கனம் என்று சொல்லமாட்டேன். இவ்வளவு தூரம் பிரித்துவிட்டு பேரிங்கில் மிச்சம் பிடிப்பவர் இதே வேலையை இரண்டு முறை செய்யத் தயாராக இருக்க வேண்டும். ஆனால் கழற்றிய பழைய உள் பேரிங்கை எறிந்துவிடவும் வேண்டாம். அதன் உள்துளையைச் சிறிது தேய்த்துப் பெரிதாக்கினால், பிரஸ் இல்லாமலே பினியனில் கையால் ஏற்றி இறக்கலாம். ஷிம்மை மாற்றி மாற்றிச் சோதிக்க அது போதும். கணக்கு சரிவந்த பிறகு புதிய பேரிங்கைப் பிரஸ்ஸில் ஏற்றினால் போதும். சோதனைக்கே புதிய பேரிங்கை ஏற்றி, ஒவ்வொரு முறையும் இழுத்துக் கழற்றிக் கெடுப்பது வெகு சாதாரணமாக நடக்கிறது.

கிரவுனைக் கேஸில் ஏற்றும்போது இரண்டு பரப்பையும் எண்ணெய்க்கல்லால் லேசாகத் தடவிப் பிசிறு எடுக்க வேண்டும். கிரவுனை வெந்நீரிலோ அவனிலோ ஏறக்குறைய 90 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் தானாக உட்காரும். எரிவாயு வெல்டிங் சுடர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பல்லுக்குக் கொடுத்த கடினத்தன்மை போய்விடும். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று உரசித் தேய்த்து ஜோடியாக்கப்பட்டவை. இரண்டிலும் பொறித்துள்ள ஜோடி எண் ஒத்துப்போகிறதா என்று பெட்டியைத் திறந்தவுடனே பார்த்துவிடுங்கள்.

பல் தடம் வாசிப்பது

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரமும் இங்கேதான் வருகிறது. முதலில் கிரஷ் ஸ்லீவ் (பினியனின் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் நசுங்கி இறுக்கத்தைக் காக்கும் குழாய்) இல்லாமல், பழைய நட்டை வைத்து, பினியன் ஆட்டமில்லாமல் சுற்றும் அளவுக்கு மட்டும் இறுக்கி மாட்டுங்கள். கேஸை ஏற்றி, கிரவுன் பல்லில் டயல் இண்டிகேட்டரின் முனையைப் பல்லுக்குச் செங்குத்தாக வைத்து பேக்லாஷ் (இரு பற்களுக்கும் நடுவே இருக்கும் ஆட்டம்) பாருங்கள். பொதுவாக 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 6 முதல் 10 வரை இருக்க வேண்டும். கியரோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் தாளே இறுதி. விரலால் ஆட்டிப் பார்த்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லும் அனுபவசாலிகளைக் கேட்காதீர்கள். கிரவுனைச் சுற்றி மூன்று, நான்கு இடங்களில் அளக்க வேண்டும். இடத்துக்கு இடம் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் மாறினால் கிரவுனுக்கு அடியில் எங்கோ தூசியோ பிசிறோ மாட்டியிருக்கிறது. ஷிம்மால் அதைத் தீர்க்க முடியாது.

கிரவுன் பக்க ஷிம்மைத் தடிப்பாக்கி எதிர்ப்பக்கத்தில் அதே அளவு குறைத்தால் கிரவுன் பினியனை நெருங்கும், பேக்லாஷ் குறையும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பேரிங்கின் பக்க இறுக்கம் கெட்டுவிடும். இன்னொன்று, பினியன் ஷிம்மைக் கூட்டினாலும் பேக்லாஷ் மாறும். ஆகவே பினியன் ஷிம்மைத் தொட்ட ஒவ்வொரு முறையும் பேக்லாஷைத் திரும்ப உரிய எல்லைக்குள் கொண்டுவந்த பிறகுதான் பல் தடத்தை (பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தின் அடையாளத்தை) பார்க்க வேண்டும். பேக்லாஷ் தவறாக இருக்கும்போது எடுத்த தடத்தை நம்பி ஷிம் மாற்றுபவர், நள்ளிரவு வரை சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருவார்.

மஞ்சள் மார்க்கிங் பசையைக் கிரவுனில் இரண்டு, மூன்று இடங்களில் நான்கைந்து பற்களுக்கு மெலிதாகப் பூசுங்கள். ஊறுகாய் போட்டதுபோல் அப்பினால் தடம் தெரியாது. கிரவுனைத் துணியாலோ கட்டையாலோ அழுத்திப் பிடித்து, பாரம் ஏறும்படி வைத்துக்கொண்டு பினியனை இரு திசையிலும் சுற்ற வேண்டும். சும்மா சுற்றினால் மங்கலான கோடுதான் விழும். தடம் பல்லின் உச்சியை ஒட்டி விழுந்தால் பினியன் தள்ளி நிற்கிறது. தடித்த ஷிம் போட்டு உள்ளே கொண்டுவர வேண்டும். பல்லின் அடியை ஒட்டிக் கூர்மையான விளிம்போடு விழுந்தால் பினியன் அதிகம் நெருங்கிவிட்டது. ஷிம்மைக் குறைக்க வேண்டும். இது ஷிம் பினியன் தலைக்கு அடியில் இருக்கும் இந்த ஆக்சிலுக்கான கணக்கு. தொடக்கத்தில் 0.13 மில்லிமீட்டர் மாற்றிப் பாருங்கள். எல்லை பிடிபட்ட பிறகு 0.05 போதும். தொடக்கத்திலேயே நுணுக்கமாக மாற்றினால் மாற்றமே கண்ணுக்குத் தெரியாது.

தடம் பல்லின் நீளவாக்கில் சற்று உள்முனைப் பக்கமோ வெளிமுனைப் பக்கமோ விழுகிறதே என்று கவலைப்படுபவர்கள் அதிகம். கவனிக்க வேண்டியது உச்சிக்கும் அடிக்கும் நடுவில் தடம் எங்கே நிற்கிறது என்பதுதான். அது நடுவாகவும், விளிம்புகள் மென்மையாகவும் இருந்தால் நீளவாக்கில் சிறிது விலகல் பெரிய குறை ஆகாது. தடம் புத்தகத்தில் அச்சிட்ட படத்தைப் போலவே வர வேண்டும் என்று அடம்பிடித்தால் வேலை முடியவே முடியாது.

கிரஷ் ஸ்லீவும் இறுதி இறுக்கமும்

தடம் சரியானதும் புதிய பேரிங், புதிய ஸ்லீவ், புதிய சீல், புதிய நட் என்று பினியனை இறுதியாக மாட்டுகிறோம். கேஸ் இப்போது வெளியே இருக்க வேண்டும். கிரஷ் ஸ்லீவ் ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான். அது நசுங்கத் தொடங்கவே 300 அடி-பவுண்டுக்கு மேல், அதாவது 400 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கு விசை கேட்கும். யோக்கை (டிரைவ் ஷாஃப்ட் வந்து இணையும் பினியன் முனையை) பிடிக்க நீண்ட கைப்பிடி கொண்ட கருவி இல்லாமல் தொடங்காதீர்கள். ஆட்டம் மறைந்த நொடியிலிருந்து மணிமுள் நகர்வதுபோல் மட்டுமே இறுக்க வேண்டும். ஒவ்வொரு சிறு இறுக்கத்துக்கும் பினியனைச் சுற்றும் விசையை அங்குல-பவுண்டு டார்க் ரெஞ்சால் பார்க்க வேண்டும். முள் காட்டும் வகைதான் இதற்கு ஆகும். குறித்த அளவில் 'டிக்' என்று ஒலிக்கும் வகை சுழலும் விசையைக் காட்டாது. புதிய பேரிங்குக்கு 20 முதல் 25 அங்குல-பவுண்டு.

இம்பாக்ட் ரெஞ்சை ஒரு நொடி கூடுதலாக அழுத்தினாலும் அளவைத் தாண்டிவிடும். அப்போது நட்டைச் சிறிது தளர்த்தி அளவைக் கொண்டுவருவதுதான் இந்த வேலையிலேயே மிக மோசமான தவறு. ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும், பேரிங்கும் சுகமாகச் சுற்றும். ஆனால் நசுங்கிப் போன ஸ்லீவ் இனி எதையும் தாங்கிப் பிடிக்கவில்லை. பாரம் ஏறியதும் பினியன் அசையும். பல் உடைந்தால் காரணம் தெரியாமல் கியரைக் குறை சொல்வோம். தாண்டிவிட்டால் புதிய ஸ்லீவ்தான். இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அற்பம்.

கேஸைக் கடைசியாக ஏற்றும்போது ஷிம் கையால் வழுக்கிக்கொண்டு போகிறது என்றால் பக்க இறுக்கம் போதாது. இடைவெளி மறைந்த அளவுக்கு மேல் ஒவ்வொரு பக்கமும் சுமார் 0.1 மில்லிமீட்டர் கூட்டி, பித்தளை அல்லது பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டி ஏற்ற வேண்டும். கம்பெனியிலிருந்தே வண்டியோடு வந்த வார்ப்பிரும்பு ஷிம்மைத் தட்டினால் பிளந்துவிடும்; அதற்கு எஃகு ஷிம் தொகுப்பு வாங்கியிருக்க வேண்டும். மூடியைப் போடும் முன் பேக்லாஷையும் தடத்தையும் மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

ஜி.எல்.-5 தர 80டபிள்யூ-90 எண்ணெய் சுமார் 2 லிட்டர் பிடிக்கும். நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை வந்தால் சரி. லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் குறைக்கும் வகை) என்றால் அதற்கான சேர்க்கைப் பொருளையும் எண்ணெயில் கலக்க மறக்கக் கூடாது. திருப்பத்தில் பின்னால் கடகடவென்று சத்தம் வந்து, கியர் செட்டிங்கைச் சந்தேகிக்க வைப்பது பெரும்பாலும் அந்த மறதிதான். ஆக்சிலின் காற்றுத் துளை அடைபட்டிருந்தால் சூட்டில் அழுத்தம் ஏறிப் புது சீலே கசியும்.

அதற்கப்புறம் நேராக நெடுஞ்சாலையில் டிரெய்லரோடு கிளம்புபவர்கள் இருக்கிறார்கள். புதுப் பற்கள் முதல் ஓட்டத்தில் கடுமையாகச் சூடேறும். 15, 20 மைல் மென்மையாக ஓட்டி, அரை மணி நேரமாவது ஆறவிட்டு, மீண்டும் ஓட்டுங்கள். முதல் 500 மைலுக்குப் பாரம் இழுக்கக் கூடாது; 500 மைலில் எண்ணெயை மாற்ற வேண்டும். அப்போது காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பாக மெல்லிய பொடி ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் குத்தும் துண்டு கிடைத்தால் மூடியைத் திரும்ப மூடாமல், கிரவுனைச் சுற்றிப் பார்த்து ஒவ்வொரு பல்லாக எண்ணிவிடுங்கள். ஸ்பீடோமீட்டரையும் புதிய விகிதத்துக்கும் டயருக்கும் ஏற்பத் திருத்த வேண்டும். மின்னணுக் கட்டுப்பாடு உள்ள ஆட்டோமேட்டிக் பிக்கப் என்றால் கியர் மாறும் நேரமே அந்தக் கணக்கை வைத்துத்தான் அமைகிறது.