இலங்கையில டைவிங் போக எந்தப் பக்கம் நல்லம்? முதல்ல மாசத்தைச் சொல்லுங்க

என்ட மச்சான் ஒருத்தன் டொரொன்டோவில இருந்து ஆடி மாசம் குடும்பத்தோட வந்தவன், வரமுதலே அங்க இருந்துகொண்டு தெற்குப் பக்கம் ஒரு இடத்தில மூண்டு நாள் ஸ்கூபா டைவிங்குக்குக் காசும் கட்டிட்டான், படத்தில பாத்தா தண்ணி கண்ணாடி மாதிரி. வந்து இறங்கினா கடல் பழுப்பு நிறம், அலை ஆளுயரம், மூண்டு நாளும் போட் இறக்கவே இல்ல, கட்டின காசில பாதிதான் திரும்பி வந்தது. எங்கள்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்த நேரம் கிழக்குப் பக்கம் நிலாவெளிக்குப் போடா எண்டு சொல்லியிருப்பம். இப்படி ஏமாந்து வாற ஆக்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்கினம், அதனாலதான் எனக்குத் தெரிஞ்சதை எழுதி வைக்கிறன்.

எங்கட நாட்டில எந்தக் கடலுக்குப் போறது எண்டதைக் காத்துதான் முடிவு செய்யும். வைகாசி தொடக்கம் புரட்டாசி வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து, மீன்பிடிக்கிற ஆக்கள் சோளகம் எண்டு சொல்லுவினம். அப்ப கொழும்பு, ஹிக்கடுவ, காலி, கல்பிட்டி எல்லாம் கொந்தளிப்பு, அந்த நேரத்தில திருகோணமலை, பாசிக்குடா பக்கம் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். மார்கழி, தை, மாசியில வாடைக்காத்து, அப்ப கதை மறுபக்கம் திரும்பும், கிழக்கு மூடி மேற்கும் தெற்கும் திறக்கும். சுருக்கமா மேற்குக்கும் தெற்குக்கும் நவம்பர் கடைசியில இருந்து ஏப்ரல், கிழக்குக்கு ஏப்ரல் கடைசியில இருந்து செப்டெம்பர். ஒக்டோபர், நவம்பர் தொடக்கத்தில ரெண்டு பக்கமும் நம்பேலாது, இடி மழையும் தாழமுக்கமும் வாற நேரம், அந்த நாட்களுக்கு முற்பணம் கட்டாதீங்க. ஏப்ரல்ல மட்டும் ரெண்டு பக்கமும் ஏலும், ஆனா பின்னேரத்தில இடி வரும், காலமைக்குள்ள தண்ணியால ஏறிடவேணும்.

பள்ளிக்கூட விடுமுறையை வச்சுப் பாத்தா இன்னும் லேசு. ஆகஸ்ட் லீவு எண்டா கிழக்கு, வெளிநாட்டுச் சொந்தங்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு வாற நேரமும் அதுதான். மார்கழி லீவு எண்டா கொழும்பு இல்லாட்டி தெற்கு. சித்திரைப் புதுவருஷ லீவுக்கு உங்கட விருப்பம்.

அடுத்தது உங்கள்ட என்ன லைசன்ஸ் இருக்கு எண்டது. இதைச் சொன்னா கன பேருக்குப் பிடிக்காது, ஆனா இடத்தைத் தெரிவு செய்யிறதில மாசத்துக்குப் பிறகு இதுதான் பெரிய விசயம். ஒண்டுமே படிக்காம இன்ஸ்ட்ரக்டரோட கைபிடிச்சு இறங்கிற அறிமுக டைவ் எண்டா 12 மீட்டர் வரைக்கும், ஓப்பன் வோட்டர் எண்ட முதல் கோர்ஸ் முடிச்சா 18 மீட்டர், அடுத்த கோர்ஸ் அட்வான்ஸ்ட் முடிச்சா 30, டீப் கோர்ஸும் செய்தா 40, பொழுதுபோக்கு டைவிங்குக்கு அதுதான் எல்லை. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் கடலுக்கு மேல இருக்கிற காத்தழுத்தத்தின்ட அளவு அழுத்தம் கூடிக்கொண்டு போகும், 30 மீட்டர்ல நீங்க இழுக்கிற ஒரு மூச்சுக்கு மேல இழுக்கிறதைப்போல நாலு மடங்கு காத்துப் போகும், சிலிண்டர் விறுவிறெண்டு இறங்கும், நைட்ரஜனால தலையும் ஒருமாதிரி மயங்கத் தொடங்கும். "சும்மா ஒருக்கா கீழ போய்ப் பாத்திட்டு வருவம்" எண்டு ஆராவது சொன்னா போகாதீங்க.

நீந்தத் தெரியாட்டி முதல்ல நீந்தப் பழகுங்க. ஓப்பன் வோட்டர் கோர்ஸுக்கு 200 மீட்டர் நீந்தோணும், 10 நிமிசம் மிதந்து காட்டோணும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில ஜன்னலைத் திறந்தா கடல் தெரியிற வீட்டில வளந்து ஒரு முறையும் கழுத்தளவு தண்ணியில நிக்காத பிள்ளைகள் எத்தனை பேர், பெட்டையளை அதிலயும் கூட விடுறதே இல்ல. எங்கட மன்னார்க் கடல்ல முத்துக்குளிச்ச சுழியோடிகள் கல்லைக் காலில கட்டிக்கொண்டு ஒரு மூச்சில இறங்கினவை, அந்த ஊர் மொழிதானே நாங்களும் பேசுறம்.

இப்ப இடங்களுக்கு வருவம். கொழும்பில இருக்கிற ஆக்களுக்குத் தெரியாத விசயம், எங்கட வாசல்ல கடலுக்குள்ள மூழ்கித் தாண்ட கப்பல்கள்தான் இந்த நாட்டிலயே எனக்குப் பிடிச்ச டைவிங். கல்கிசை, தெஹிவளைப் பக்கத்தில இருந்து விடிய போட்டில போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திடலாம். 2009 இல தாண்ட மெதுஃபாரு எண்ட சரக்குக் கப்பல், பாணந்துறைக்கு முன்னால 2012 இல தாண்ட தெர்மோபைலே சியரா, இன்னும் கனக்க. 1917 இல ஜெர்மன்காரர்ட வூல்ஃப் எண்ட கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியில கண்ணிவெடி போட்டுட்டுப் போக அதில மாட்டின பெர்சியஸும் வூஸ்டர்ஷயரும்கூட இங்கதான் கிடக்கு, அதில வூஸ்டர்ஷயர் 50 மீட்டருக்கும் கீழ, 40 மீட்டருக்கும் கீழ போகப் படிச்ச டெக்னிக்கல் டைவர்ஸுக்கு மட்டும்தான். மற்றதிலயும் பெரும்பாலானது 30 மீட்டர்லயும் அதைவிட ஆழத்திலயும், அதனால அட்வான்ஸ்ட் இல்லாம கொழும்புக் கப்பல்களை நினைக்காதீங்க. முதல் முறை கயிறைப் பிடிச்சு இறங்கேக்க நீலம் தவிர ஒண்டும் தெரியாது, பிறகு மெல்ல மெல்ல ஒரு கறுப்பு உருவம், கிட்டப் போகப் போகத்தான் அது கப்பல்ட கைப்பிடிக் கம்பி எண்டு விளங்கும், சுத்திவர மஞ்சள் வரி மீன்கள் கூட்டம் கூட்டமா. காலி வீதியில பஸ் ஹோர்ன் அடிக்கிற சத்தத்துக்கு இவ்வளவு கிட்ட இப்படி ஒரு இடம் எண்டது எனக்கு இன்னமும் நம்பேலாம இருக்கு.

கொழும்புக்கு ஒரு குறை, மழை. களனி கங்கை மட்டக்குளியிலதான் கடல்ல விழுது, மலைநாட்டில ரெண்டு நாள் பெரிய மழை பெஞ்சா கலங்கல் தண்ணி வெளியால வந்து தண்ணிக்குள்ள கண் தெரியிற தூரத்தைக் குடிச்சிடும். கொழும்பில வெயில் அடிக்குது எண்டு மட்டும் பாக்காம மேல மழை எப்படி எண்டும் பாருங்க. அதோட 2021 இல எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிஞ்சு தாண்ட பிறகு கரையில ஒதுங்கின பிளாஸ்டிக் மணிகளை எங்கட பிள்ளைகளும் போய்ப் பொறுக்கினவை, இந்தக் கடலை நேசிக்கிற ஆருக்கும் அது மறக்காது.

கிழக்கு எண்டா புதுசா பழகிற ஆக்களுக்கு முதல்ல திருகோணமலையைத்தான் சொல்லுவன். நிலாவெளிக்கு முன்னால இருக்கிற புறாத்தீவு 2003 இல தேசிய பூங்காவாக்கினது, முருகைக்கல், அதுதான் பவளப்பாறை, ஆழம் குறைஞ்ச தண்ணியில இருக்கிறதால குடும்பத்தில ஒருத்தர் டைவ் பண்ண மற்ற ஆக்கள் ஸ்நோர்க்கல் போட்டுக்கொண்டு மேல நிக்கலாம், கருமுனைச் சின்னச் சுறாக்களும் காணலாம், கடிக்க வராது, விலகித்தான் போகும். சனி ஞாயிறில சனம் நிறைஞ்சிடும், கிழமை நாளில போங்க. ஆனா நான் திரும்பத் திரும்பப் போறது கோணேசர் மலைக்குக் கீழ. போர்த்துக்கேயர் 17 ஆம் நூற்றாண்டில கோயிலை இடிச்சுக் கடல்ல தள்ளின கல்லுகளை 1956 இல மைக் வில்சனும் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் சுழியோடிக் கண்டவை. மேல மணி கேக்கிற கோயில், கீழ பாசி படிஞ்ச தூண் துண்டு, அதைப் பாத்து அழுத ஆக்களை எனக்குத் தெரியும். அங்க நீரோட்டம் இருக்கும், தெரிஞ்ச வழிகாட்டி இல்லாம இறங்கவேண்டாம், ஒரு கல்லையும் தொட்டு அசைக்கவும் வேண்டாம்.

மட்டக்களப்புப் பக்கம் எல்லாரும் கேக்கிறது ஹெர்மிஸ். 1942 ஏப்ரல் 9 ஜப்பான் விமானங்கள் தாக்கித் தாழ்த்தின பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், 300 பேருக்கு மேல செத்துப்போனவை, கிடக்கிறது 50 மீட்டருக்கும் கீழ. பேரைக் கேட்டு ஆசைப்பட்டு அட்வான்ஸ்ட் கார்டை வச்சுக்கொண்டு போகக்கூடிய இடம் இல்ல, அதுக்கு டெக்னிக்கல் படிப்பு வேணும். அதே நாள் தாண்ட பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ட எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாவுக்கு அங்கால சுமார் 25 மீட்டர்ல இருக்கு, அட்வான்ஸ்ட் ஆக்களுக்கு அது போதும், சொல்லப்போனா பாக்கிறதுக்கு அதுதான் வடிவு. கொழும்புக் கோட்டை ஸ்டேஷன்ல இருந்து ராத்திரி ரயில்ல ஏறினா விடிய மட்டக்களப்பு, நித்திரை வராட்டி அண்டைக்கு டைவ் பண்ணாதீங்க, ஒரு நாள் ஓய்வு எடுங்க.

தெற்கைப் பற்றி நேராச் சொல்லுறன். ஹிக்கடுவவுக்கு முருகைக்கல் பாக்கப் போனா மனம் நோகும், 1998 இல கடல் சூடாகி வெளுத்துச் செத்தது, திரும்ப வளரவும் கரையோரச் சனக்கூட்டம் விடேல்ல. ஆனா கோர்ஸ் படிக்க நல்ல இடம், அதிவேகப் பாதையால கிட்ட, 1903 இல தாண்ட கொன்ச் எண்ட எண்ணெய்க் கப்பல் 20 மீட்டர் அளவில இருக்கு. உனவட்டுனயும் அதே மாதிரித்தான், படிச்சு முடிச்ச கையோட பாக்க ஒண்டு ரெண்டு கப்பல் இருக்கு. வடமேற்குப் பக்கம் கல்பிட்டியில பார் ரீஃப் எண்ட முருகைக்கல் பகுதி 1992 இல இருந்து சரணாலயம், டொல்ஃபின் பாக்கப் போறவை ஒரு நாள் கூட்டி அங்கயும் நில்லுங்க. கிரிந்தைக்கு வெளியில கிரேட் பாஸஸ் பாறை, 1961 இல அவுரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய் கண்டெடுத்த இடம், வருஷத்தில பங்குனி சித்திரையை ஒட்டிக் கொஞ்ச நாள்தான் கடல் விடும், 100 டைவ் அனுபவம் இல்லாத ஆக்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டன்.

இதை நல்லா கவனிங்க, பயணத் திட்டம் போடேக்க எல்லாரும் பிழைவிடுற இடம். டைவ் பண்ணின உடன உயரத்துக்குப் போகக்கூடாது, உடம்பில கரைஞ்ச நைட்ரஜன் குமிழாகி மூட்டு, முள்ளந்தண்டு எல்லாம் பாதிக்கும். ஒரு டைவ் எண்டா விமானத்துக்கு முதல் ஆகக் குறைஞ்சது 12 மணித்தியாலம், பல டைவ் எண்டா 18, நான் 24 விடுவன். கட்டுநாயக்கவுக்குப் போற ஆக்களுக்கு இது தெரியும், ஆனா மலை ஏறிறதும் இதே கதைதான் எண்டு கன பேர் யோசிக்கிறேல்ல. காலமை பாசிக்குடாவில இறங்கிட்டு பின்னேரம் செங்கலடி வழியா பதுளை, அங்க இருந்து 1,800 மீட்டருக்கும் மேல நுவரெலியா எண்டு வேன் பிடிக்கிற குடும்பங்களைக் கண்டிருக்கிறன், தயவுசெய்து செய்யாதீங்க. மலைநாட்டை முதல்ல பாத்திட்டுப் பிறகு கடலுக்கு வாங்க. திருகோணமலையில இருந்து ஹபரண, தம்புள்ள, குருநாகல் வழியா கொழும்புக்கு வாறது பதிவு நிலம், அதில பயமில்ல.

டைவ் சென்டர் தெரிவு செய்யேக்க விலையைக் கடைசியாக் கேளுங்க. போட்டில ஒக்சிஜன் இருக்கா, ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர், ஆபத்து வந்தா எந்த ஆஸ்பத்திரி, நைட்ரஜன் குமிழ் வருத்தத்துக்கு வைத்தியம் செய்யிற அழுத்த அறை எங்க இருக்கு. புது ஆக்கள் நாலு பேருக்கு மேல ஒருத்தர்ட தலையில கட்டினா நான் எழும்பி வந்திடுவன். மருத்துவப் படிவம் தராம, ஆஸ்துமா இருக்கா இருதய வருத்தம் இருக்கா எண்டு கேக்காம இறக்கிற இடத்தை விட்டிடுங்க, நீங்களும் அதில பொய் எழுதாதீங்க. சிலிண்டர் வால்வைக் கொஞ்சம் திறந்து மணந்து பாருங்க, எண்ணெய் மணம் வந்தா அந்தக் காத்தை இழுக்கவேண்டாம். தடிமன் இருந்தா காது சமப்படாது, காசு போனாலும் பரவாயில்ல, கரையில இருங்க.

முதல் நாள் பின்னேரம் போன் எடுத்து "இண்டைக்கு தண்ணி எத்தனை மீட்டர் தெரிஞ்சது, நீரோட்டம் எப்படி" எண்டு கேளுங்க. ஒவ்வொரு நாளும் "சூப்பர், வாங்க வாங்க" எண்டு சொல்லுற இடமும் இருக்கு. "இண்டைக்குக் கலங்கல் அண்ணா, நாளைக்கும் சரிவராது, ரெண்டு நாள் பொறுங்க" எண்டு காசை விட்டுட்டுச் சொல்லுற தம்பியும் இருக்கிறான், அவன்ட நம்பரை சேவ் பண்ணி வச்சு அவனோடயே போங்க.