மலைக்குக் குடிவருகிறவர்களுக்கு: முதலில் படிகளை எண்ணுங்கள்

குன்னூரில் பிக்கப் வண்டி வைத்து வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குவது என் தொழில். கீழே இருந்து குடிவருகிறவர்கள் என்னிடம் அதிகம் விசாரிப்பது மேட்டுப்பாளையம் சாலையின் பதினான்கு கொண்டைஊசி வளைவுகளைப் பற்றித்தான். அந்தக் கவலையை ஓட்டுகிறவனிடம் விட்டுவிடுங்கள். சாமான் அடிபடுவதும் கூலித் தகராறு வருவதும் வண்டி நிற்கும் இடத்துக்கும் உங்கள் வாசலுக்கும் நடுவில்தான்.

இங்கே வீடு சாலைக்கு மேலே இருக்கும், இல்லாவிட்டால் கீழே இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றாலும் லிஃப்டை எதிர்பார்க்காதீர்கள். முன்பணம் கொடுக்கப் போகும் நாளிலேயே படிகளை எண்ணுங்கள். அளவு நாடா எடுத்துப் போய்ப் படியின் அகலம், திருப்பத்தில் உள்ள இடம், கதவின் அகலம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வந்து, உங்கள் பீரோவையும் கட்டிலையும் அளந்து பாருங்கள். மூன்று கதவு பீரோவும் கழற்ற முடியாத கட்டிலும் எனக்குப் பரம விரோதிகள். "கொஞ்சம் படிதான் அண்ணா" என்று போனில் சொன்ன ஓர் அக்காவின் வீட்டுக்குப் போனோம். தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கி, ஓடைப் பாலத்தைத் தாண்டிய பிறகும் வீடு கண்ணில் படவில்லை. கூலியை மறுபடி பேச வேண்டியதாயிற்று, அதுவும் மழையில் நின்றுகொண்டு. படிகளை மேலிருந்து கீழ்வரை செல்போனில் வீடியோ எடுத்து முன்கூட்டியே அனுப்பிவிட்டால் இரண்டு பக்கமும் மரியாதை மிஞ்சும்.

வீடு பார்க்க வெயில் நாளில் வராதீர்கள். பளிச்சென்று சுண்ணாம்பு அடித்த சுவர் வெயிலில் எதையும் காட்டிக்கொடுக்காது. மழை விட்ட மறுநாள் வாருங்கள். சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவர் மண்ணை ஒட்டியே நிற்கும்; ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். அந்தச் சுவரின் அடிப்பகுதியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுவர் அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூசண வாடை வந்தால், பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்வதை நம்பி ஒப்புக்கொள்ளாதீர்கள். பெயின்ட் பூசணத்தைச் சில வாரங்களுக்கு மறைக்கும், அவ்வளவுதான்.

பிறகு வெளியே வந்து வீட்டுக்கு மேலேயும் கீழேயும் உள்ள தடுப்புச்சுவர்களைப் பாருங்கள். அவற்றில் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேறக் குழாய்த் துளைகள் இருக்க வேண்டும். மழைக்குப் பிறகு அந்தத் துளைகளில் நீர் கசிந்தால் நல்லது. துளைகள் அடைந்து, சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றால் அந்த வீடு வேண்டாம். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்சரிவில் இறந்தார்கள். வாடகை குறைவு, காட்சி அழகு என்று யார் சொன்னாலும் நான் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன்.

தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டம்மாவிடம் கேளுங்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, கோடையில் எப்படி, தொட்டி எவ்வளவு கொள்ளும் என்று அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். மழை கொட்டும் ஊரில் தண்ணீர்ப் பஞ்சமா என்று சிரிக்காதீர்கள். குன்னூரில் குடம் வைத்துக் காத்திருக்கும் தெருக்கள் உண்டு. மூடிபோட்ட பெரிய டிரம் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது வருவது? பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் என் கணக்கில் முதல் தரம். வானம் காய்ந்திருக்கும், சாலை காலியாக இருக்கும். மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் சிக்கினால் சாமான் வண்டி மலைச்சாலை நடுவில் இருக்கும் பர்லியாரிலேயே பாதி நாளைக் கழிக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இந்தப் பக்கத்துச் சரிவுகளில்தான் மோதும். மரமோ மண்ணோ விழுந்து சாலை அடைபடுவது வழக்கம். ஆடியிலும் மார்கழியிலும் குடிபோகக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதனாலேயே அந்த மாதங்களில் காலி வீடுகள் பேரத்துக்குப் படியும். ஆடியில் பேசி முடித்து, ஆவணியில் பால் காய்ச்சுகிற சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள்.

2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவை. சாமான் ஏற்றி வரும் வண்டிக்கும் உங்கள் காருக்கும் தனித்தனியே எடுத்துவிடுங்கள். நீலகிரிப் பதிவெண் உள்ள வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. என் பிழைப்புக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, உண்மை அதுதான்.

கட்டுவதற்குப் பிளாஸ்டிக் பைகளை நம்பாதீர்கள். இந்த மாவட்டத்தில் அவற்றுக்குத் தடை, சோதனைச்சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். பாத்திரங்களைப் பழைய வேட்டியிலும் புடவையிலும் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குங்கள். அரிசி, பருப்புக்குச் சாக்குப் பை போதும். வண்டிக்கு மேல் தார்ப்பாய் கட்டாமல் ஏறும் ஓட்டுநரிடம், மேட்டுப்பாளையத்தில் வெயில் அடித்தாலும், சாமானை ஒப்படைக்காதீர்கள்.

எண்ணெய், ஷாம்பு, ஊறுகாய் ஆகியவற்றில் கொஞ்சம் கவனம் வேண்டும். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். புட்டிக்குள் இருக்கும் காற்று விரிந்து மூடி வழியே எண்ணெயைத் தள்ளும். குழந்தைகள் கொண்டுவரும் சிப்ஸ் பொட்டலம் குன்னூர் வருவதற்குள் தலையணையாக உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இவற்றை எல்லாம் தனியாக ஒரு வாளியில் நிமிர்த்தி வைத்து, உங்கள் காலடியிலேயே கொண்டுவாருங்கள். ஃபிரிட்ஜையும் படுக்கவைக்காதீர்கள். நிமிர்த்திக் கட்டி, இறக்கிய பின் சில மணி நேரம் கழித்தே மின்சாரம் கொடுங்கள்.

ஏசி, ஏர்கூலர் இரண்டையும் கீழேயே விற்றுவிடுங்கள். தோல் செருப்பும் தோல் பையும் ஒரு மழைக்காலத்தில் பச்சை பிடித்துவிடும், அளவாக வையுங்கள். பஞ்சு மெத்தை ஈரத்தைக் குடிக்கும். புது வீட்டில் பீரோவைப் பின்சுவரோடு ஒட்டிவைக்காமல் ஒரு சாண் தள்ளிவையுங்கள்.

சமையலறை ஜன்னலுக்குக் கம்பிவலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அரிசி டப்பாவைத் திறக்க வேண்டும். குரங்குகள் உங்களுக்கு முன்பே வீடு பார்த்து வைத்திருக்கும். எண்ணெய் வாசத்துக்குக் கரடி வரும், ஆகவே சமையல் கழிவை இரவில் வெளியே வைக்காதீர்கள். அந்திக்குப் பிறகு படியில் காட்டுமாடு நின்றால் டார்ச்சை ஆட்டி விரட்ட முயலாதீர்கள். அது போகும்வரை நீங்கள் உள்ளே இருங்கள். இங்கே தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகக் கூடுதல் விசில் வேண்டும். மாவும் சீக்கிரம் புளிக்காது.

குளிருக்குக் கரி அடுப்பு மூட்டுகிற வழக்கம் ஊட்டிப் பக்கம் இன்னும் இருக்கிறது. கதவைச் சாத்திய அறையில் அதை வைத்துக்கொண்டு ஒருபோதும் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கம்பளி இரண்டு கூடுதலாக வாங்குங்கள்.

குடிபோகும் நாளில் பால் காய்ச்ச வேண்டிய அடுப்பு, பாத்திரம், தீப்பெட்டி, டார்ச், கம்பளி, மழைக்கோட்டு ஆகியவற்றை வண்டியில் ஏற்றாமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நேரம் காலை ஆறு மணிக்கு என்றால் என் வண்டி பத்து மணிக்கு வந்தால் போதும். சாமான் இறங்குவதற்கு முன் மின்மீட்டரின் எண்ணைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். பழைய குடித்தனக்காரரின் பாக்கி உங்கள் தலையில் விழாது. வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யச் சொல்லுங்கள், சட்டம் அதைக் கேட்கிறது. ரேஷன் அட்டை முகவரியை அந்த வாரமே மாற்றிவிடலாம், கேஸ் இணைப்பையும்தான். சிலிண்டர் வாசல்வரை வருமா, சாலையோடு நின்றுவிடுமா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நின்றுவிடும் என்றால் மாதாமாதம் அதே படிகளில் அதைத் தூக்கி வருவதற்கு இப்போதே ஓர் ஆளைப் பேசிவையுங்கள்.